பனிமலை உருகியதற்கு மன்சூர் எழுதிய விளக்கம்

மன்சூருக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் முப்பது வருடங்களை மைனஸ் இருபத்திரண்டு டிகிரிக்குக் காவல் இருந்தே கழித்துவிட்டார். சூளகிரியிலிருந்து பேரிகை போகும் சாலையில், பெங்களூரு முதலாளி ஒருவருக்குச் சொந்தமான குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது. அங்கே அவர் பிளான்ட் ஆபரேட்டர். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே மாம்பழத் துண்டும் பச்சைப் பட்டாணியும் ஐஸ்க்ரீமும் கல்லாகக் கிடக்க வேண்டும். கிடந்தால் அது நிர்வாகத்தின் திறமை. கிடக்காவிட்டால் அது மன்சூரின் கவனக்குறைவு. இந்த வேலைப் பிரிவினை முப்பது வருடமாக எந்தக் குழப்பமும் இல்லாமல் நடந்துவந்தது.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கம்ப்ரசர் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு மக்கர் செய்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது வேறொரு திறமை. நல்ல பெயர் என்று சொல்ல முடியாது. குளிர்சாதன லாரிகளை ஓட்டிவருகிற சிலர், டீசல் மிச்சம் பிடிப்பதற்காக வழியெல்லாம் குளிரை நிறுத்திவிட்டு, கிருஷ்ணகிரி தாண்டியதும் மறுபடி போட்டுக்கொண்டு வருவார்கள். கதவைத் திறந்தால் சரக்கு கல் மாதிரிதான் இருக்கும். மன்சூர் ஒரு பட்டாணிப் பாக்கெட்டைக் காதருகே வைத்துக் குலுக்குவார். மணி மணியாகச் சலசலத்தால் இறக்கலாம். கட்டியாக ஒட்டிக்கொண்டு தொம்மென்று விழுந்தால், அது வழியில் உருகி மறுபடி உறைந்த சரக்கு. ஐஸ்க்ரீமில் மூடியைத் திறந்து பார்த்தாலே போதும். "வண்டியைத் திருப்பு" என்று இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுவார். இதனால் அவரைப் பற்றி வாடிக்கையாளர்கள் எழுதிய புகார்க் கடிதங்கள் மேனேஜர் மோகன்குமாரிடம் தனி ஃபைலில் இருந்தன. அவர் பிடித்துக் கொடுத்த கெட்டுப்போன சரக்குகளுக்கு மட்டும் ஃபைல் எதுவும் போடப்படவில்லை.

போன வருடம் மே மாதம், மதியம் இரண்டு மணிக்கு, ஒரு பெண் ஆட்டோவில் வந்து கிடங்கு வாசலில் இறங்கினாள். முப்பது வயது இருக்கும். மூக்கு நுனியில் தோல் உரிந்து, கன்னம் கருத்துப்போயிருந்தது. பெயர் ஜெயப்ரியா, சொந்த ஊர் தர்மபுரி.

"அண்ணா, மைனஸ் இருபதுல எடம் இருக்குதா? ரெண்டே நாளு."

"என்னா சரக்கு மேடம்?"

"ஐஸு."

"என்னா ஐஸு? க்ரீமா, மீனுக்குப் போடறதா?"

"வெறும் ஐஸுங்க. இமயமலையில இருந்து வருது."

மன்சூர் அவளை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். வெயில் நேரத்தில் இப்படிப் பேசுகிறவர்களுக்கு முதலில் செய்ய வேண்டியது அதுதான். தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் நிதானமாகவே சொன்னாள். அவள் வேலை பார்ப்பது சென்னைப் பக்கத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில். இமயமலையில் மிக உயரத்தில் உள்ள ஒரு பனியாற்றில் குழாய்போட்டுத் துளைத்து, எண்பது மீட்டர் ஆழம் வரைக்கும் பனிக்கட்டியை உருளை உருளையாக வெளியே எடுத்திருக்கிறார்கள். விமானத்தில் பெங்களூருவுக்கு வந்து, லாரியில் சென்னைக்குப் போகும் வழியில், சூளகிரி பாலத்து நெரிசலில் லாரியின் குளிர்சாதனம் நின்றுவிட்டது. மாற்று வண்டிக்கு இரண்டு நாளாகும்.

பெட்டிக்குள் இப்போது எத்தனை டிகிரி என்று மன்சூர் கேட்டார். மைனஸ் பதினொன்று என்றாள். கிளம்பும்போது இருபது. இதற்குமேல் கேட்க அவருக்கு எதுவும் இல்லை. உதவியாள் திம்மராயனைக் கூப்பிட்டு, பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்டை எடுக்கச் சொன்னார். கேட்பதற்கு நிறைய இருந்தது மோகன்குமாருக்குத்தான். கண்ணாடி அறையில், ஏசிக்கு நேர் கீழே, அவர் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு விசாரித்தார்.

"மேனுஃபேக்சரிங் டேட் என்னா மேடம்?"

"மேல இருக்கறது போன வருஷம் சார். அடியில இருக்கறது ஒரு அறுநூறு வருஷம் இருக்கும்."

"எக்ஸ்பைரி?"

"அதைக் கண்டுபுடிக்கறதுக்கோசரந்தான் சார் ஆராய்ச்சியே."

மோகன்குமாரின் மென்பொருள் இரண்டாயிரமாவது ஆண்டுக்கு முன்னால் எதுவும் தயாரிக்கப்பட்டதாக ஏற்றுக்கொள்ளாது. ஆகவே இமயமலைப் பனி அன்றைய தேதியில் தயாரிக்கப்பட்டது. பழம், காய்கறி, இறைச்சி, ஐஸ்க்ரீம் என்று நான்கு வகைதான் இருந்ததால் அது ஐஸ்க்ரீம் ஆனது. எந்த ருசி என்று கேட்காமல் மென்பொருள் அடுத்த பக்கத்துக்குப் போகாது. மோகன்குமார் சற்று யோசித்து, நிறத்தை உத்தேசித்து, வெனிலா என்று போட்டார். காலாவதி ஆறு மாதம் என்று அதுவே கணக்கிட்டுக்கொண்டது. அவர் ஒப்புதல் சீட்டை அச்சடித்து முடித்தபோது இருபத்திரண்டு பெட்டிகளும் மூன்றாம் நம்பர் சேம்பர் என்கிற குளிரறையில் ஏறி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

இரண்டு நாள் ஆறு மாதம் ஆனது. ஆராய்ச்சி நிலையத்தில் புதிய உறைகுளிர் அறை தயாராகத்தான் இருந்தது. ரிப்பனும் கட்டியாகிவிட்டது. வெட்ட வேண்டிய பிரமுகருக்குத்தான் தேதி கிடைக்கவில்லை. திறப்பு விழாவுக்கு முன் சுவிட்சைப் போட்டால் மரியாதைக் குறைவு என்று பனிக்கட்டி சூளகிரியிலேயே வெனிலாவாக இருந்தது.

ஜெயப்ரியா இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து வந்து பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் போவாள். வந்தால் கம்ப்ரசர் ரூமுக்குப் பக்கத்தில் மன்சூரோடு டீ. ஒருநாள் அடிப்பகுதித் துண்டு ஒன்றைச் சேம்பருக்குள் டார்ச் வெளிச்சத்தில் காட்டினாள். ஒரு மீட்டர் நீளம், கை அகலம். பால் போல வெளுத்து, உள்ளே கடுகளவு காற்றுக் குமிழிகள். குறுக்கே பென்சிலால் கோடு கிழித்த மாதிரி மெல்லிய தூசுப் படலங்கள்.

"வெயில் காலத்துல தூசி வந்து படியும்ணா. பனிக்காலத்துல அதும்மேல பனி கொட்டும். கோடு எண்ணுனா வருஷம். குமிழிய ஒடைச்சா அந்தக் காலத்துக் காத்து. அந்த வருஷம் எவ்ளோ குளுரு, எவ்ளோ மழைன்னு எல்லாம் இதுல கண்டுபுடிச்சிடலாம்."

"அப்போ பழைய சரக்கு அடியில, புதுசு மேல."

"ஆமாண்ணா."

"மலை உருகுது உருகுதுங்கறாங்களே, எங்கிருந்து உருகும்?"

"மேல இருந்துதான்."

மன்சூருக்கு அது பிடிக்கவில்லை. கிடங்கு வேலையின் முதல் பாடமே, முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும் என்பது. "கடைசியா வந்தது மொதல்ல போவுதா? அப்படின்னா புதுசா ஸ்டாக்கே ஏறலைன்னு அர்த்தம். அது மூடப்போற கோடவுனும்மா" என்றார். இதைச் சொல்வதற்கு, அந்த ஆராய்ச்சிக்குத் தலைவரான ஜெயப்ரியாவின் பேராசிரியர் நாற்பது படங்கள் போட்டுக் காட்டுவார்.

நவம்பரில் ஆறு மாதம் முடிந்தது. மென்பொருள் கடமை தவறாமல், வெனிலா ஐஸ்க்ரீம் இருபத்திரண்டு பெட்டி காலாவதியாகிவிட்டது, உடனே அழிக்கவும் என்று உத்தரவு அச்சடித்தது. மோகன்குமார் அதை எடுத்துக்கொண்டு கம்ப்ரசர் ரூம் வரைக்கும் நடந்தே வந்தார்.

"சிஸ்டம் அழிக்கச் சொல்லுது பாய்."

"சிஸ்டத்தையே வந்து அழிக்கச் சொல்லுங்க சார். எனக்குக் கை வலிக்குது."

இந்தப் பதிலும் ஃபைலுக்குப் போயிருக்கும். ஆனால் அதே வாரம் பிரமுகருக்குத் தேதி கிடைத்துவிட்டது. பனிக்கட்டியை எடுத்துப்போகப் பேராசிரியரே நேரில் வந்தார். கிடங்கின் தடித்த குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய், மேற்பகுதிப் பெட்டி ஒன்றைத் திறந்து, முதல் துண்டை உறையிலிருந்து உருவினார். பால் போல இருக்க வேண்டிய பனியில், நடுநடுவே கண்ணாடி போலத் தெளிவான பட்டைகள் இருந்தன. குமிழி ஒன்றுகூட இல்லை. அடுத்த துண்டிலும் அப்படி. அதற்கடுத்ததிலும் அப்படியே.

"இது உருகி மறுபடி உறைஞ்சிருக்கு" என்றார் பேராசிரியர்.

மன்சூரும் பார்த்தார். உருகி உறைந்ததுதான். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

எங்கே உருகியது என்பதில்தான் தகராறு. அந்த உயரத்தில் கோடையிலும் பனி உருகாது, ஆகவே ஆய்வுக்கு அதைவிடச் சிறந்த இடம் இல்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் பேராசிரியர் திட்டத்துக்கு அனுமதி வாங்கியிருந்தார். எழுதிக் கொடுத்த பிறகு மலை உருக முடியாது. மலை உருகவில்லை என்றால் சூளகிரியில்தான் உருகியிருக்க வேண்டும். சூளகிரியில் உருகியது என்றால் அது மன்சூரின் கவனக்குறைவு. ஜெயப்ரியா வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அவளுடைய வேலை வருடா வருடம் பேராசிரியரின் கையெழுத்தில் புதுப்பிக்கப்படுவது. மலையில் துளைத்தபோது அடித்த காற்றில் துண்டுகளை அவசரமாக உறையில் திணித்திருக்கிறார்களே தவிர, ஒன்றொன்றாகப் பார்த்து எழுதிவைக்க முடியவில்லை. சொல்வதற்கு ஆதாரம் இல்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

மறுநாளே கடிதம் வந்தது. மோகன்குமார் கையெழுத்து. 'தங்களது கவனக்குறைவால் இமயமலைப் பனி உருகியதாகப் புகார் வந்துள்ளது. மூன்று தினங்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.' உலகம் சூடாகிக்கொண்டிருப்பதற்கு யார் பொறுப்பு என்று பெரிய பெரிய நாடுகள் கூடிப் பேசியும் முடிவாகவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரே நாளில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வீட்டில் மனைவி காத்தூன் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"ஏங்க, இமயமலைய நீங்களா உருக்குனீங்க?"

"அப்படித்தான் எழுதியிருக்கறாங்க."

"ஊட்டு ஃப்ரிட்ஜ் ஒரு மாசமா சொட்டுது. அதையே திரும்பிப் பாக்கல. இவ்ளோ தொலைவு போயி மலைய உருக்கிட்டு வந்தீங்களாக்கும்."

அவர் சிரிக்கவில்லை. சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். முப்பது வருடத்தில் அவர் கையில் ஒரு பாக்கெட் பட்டாணி உருகியதில்லை. ஏழு மணி நேரம் கரண்ட் போன நாளில்கூட, டீசல் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே நின்று, மைனஸ் பதினாறுக்குமேல் ஏறவிடாமல் பிடித்துவைத்தவர். சரக்கை உருகவிட்டான் என்று தன் பேரில் எழுத்தில் வந்துவிட்டதே என்பதுதான் அவருக்குத் தாளவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று விட்டிருப்பார். காத்தூன் தட்டை எடுத்துவைத்துவிட்டு, "இருக்கறத எழுதிக் குடுங்க. நீங்க என்னாத்துக்குப் பயப்படணும்" என்றாள்.

அவர் எழுதியது இது: 'ஐயா, பனிமலை உருகியதற்கு நான் காரணம் அல்ல. அது உருகிய நாட்களில் நான் சூளகிரியில் டூட்டியில் இருந்தேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து உள்ளது. உருகிய இடத்தை நேரில் காட்டத் தயாராக இருக்கிறேன். இப்படிக்கு, மன்சூர்.'

திமிர் என்று மோகன்குமார் சொன்னார். ஆனால் விளக்கம் வந்துவிட்டால் குழு போட வேண்டும் என்பது விதி. மூன்று பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. குற்றம் சாட்டிய பேராசிரியரே தலைவர், இதனால் நேரம் மிச்சம். ஆராய்ச்சி நிலையத்து நிர்வாக அதிகாரி ஒருவர். பெயருக்கு ஒரு வெளியாள் வேண்டும் என்பதால், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் குளிர்பதனம் சொல்லிக்கொடுக்கும் தமிழரசன்.

முதலில் வெப்பநிலைப் பதிவு கேட்டார்கள். மோகன்குமார் பெருமையோடு கம்ப்யூட்டர் வரைபடத்தை நீட்டினார். ஆறு மாதமும் மைனஸ் இருபத்திரண்டில், அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரே நேர்க்கோடு. நிர்வாக அதிகாரி பிரமாதம் என்றார். தமிழரசன் மட்டும், "சார், கதவு தெறக்காம, கரண்டு போகாம, படிஞ்ச பனியை உருக்கி டீஃப்ராஸ்ட் பண்ணாம ஒரு சேம்பர் இருக்க முடியுமா? இந்த மீட்டர் எப்பலேர்ந்து வேலை செய்யல?" என்று கேட்டார். மோகன்குமார் ஏசியின் குளிரைக் குறைக்க எழுந்து போனார்.

பிறகு மன்சூர் தன் நோட்டைக் கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் எழுதியது. இருபத்தொன்று, இருபத்திரண்டு, பத்தொன்பது, பதினாறு என்று ஏறி இறங்கியிருந்தது. டீக்கறையும் இருந்தது. பேராசிரியர் அதை விரல் நுனியால் தள்ளி, "யார் வேணா எப்ப வேணா எழுதிக்கலாமே" என்றார்.

"எழுதிக்கலாம் சார். ஐஸுல எழுத முடியாது. உள்ள வாங்க, காட்டறன்."

மூன்றாம் நம்பர் சேம்பருக்குள் எல்லோரும் போனார்கள். மன்சூர் ஒரு ஸ்டூலின்மேல் இரண்டு பொருட்களைத் தயாராக வைத்திருந்தார். முந்தின வாரம் திருப்பி அனுப்பிய லாரியிலிருந்து எடுத்துவைத்த ஐஸ்க்ரீம் டப்பா ஒன்று. உருகி உறைந்ததால் விளிம்பெல்லாம் சுருங்கி, மேலே உப்புக்கல் போலப் பனித்துகள். அடுத்தது, பனிக்கட்டிப் பெட்டிகளுக்குப் பக்கத்து அடுக்கிலேயே ஆறு மாதம் இருந்த பட்டாணிப் பாக்கெட். அதைக் குலுக்கினார். மணி மணியாகச் சலசலத்தது.

"இது உருகல. பக்கத்துல இருந்த ஐஸு மட்டும் எப்படி சார் உருகும்?"

பேராசிரியர், பட்டாணி வேறு, பனியாறு வேறு என்றார். இதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. மன்சூர் ஜெயப்ரியாவிடம், கண்ணாடிப் பட்டை அதிகம் உள்ள துண்டை எடுக்கச் சொன்னார். அவள் ஏழாம் நம்பர் துண்டை எடுத்துப் பிடித்தாள். கையுறை போட்ட விரலை அவர் அதன் வெளிப்பக்கத்தில் மெதுவாக ஓட்டினார். திருகாணி மரை போல வரிவரியாகக் கீறல்கள்.

"இது என்னா கீறல்ம்மா?"

"தொளைபோட்ட பிளேடு பட்டது. மலையிலயே விழுந்தது."

"சார், இதைத் தொட்டுப் பாருங்க. ஐஸு உருகுனா வெளியில இருந்துதான் உருகும். குச்சி ஐஸு சாப்பிட்ட எல்லாருக்கும் தெரியும். இங்க வந்து உருகியிருந்தா மொதல்ல இந்தக் கீறல்தான் மழுங்கிப்போயிருக்கும். கீறல் கத்தி மாதிரி இருக்குது. தோலு உருகாம உள்ள இருக்கற கொட்டை மட்டும் எப்படி உருகும்? இது கீறல் விழறதுக்கு முந்தியே உருகுனது. மலையிலயே உருகுனது."

தமிழரசன் கீறலைத் தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார். அப்போது ஜெயப்ரியா பேசினாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. அதற்குக் குளிரே போதுமான காரணம்.

"சார், நான் எண்ணிப் பாத்தன். மேல இருந்து இருபத்தஞ்சு வருஷத்துப் பனியில பதினெட்டு பட்டை இருக்குது. அதுக்குக் கீழ நான் எண்ணுன முந்நூறு வருஷத்துக்குமா சேத்தே நாலுதான். அந்த ஒயரத்துலயும் உருக ஆரம்பிச்சிடுச்சு சார்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

பேராசிரியர் கோட்டின் பட்டனை இழுத்துப் போட்டுக்கொண்டார். பதினொரு நிமிடம் தாக்குப்பிடித்ததே பெரிது, குளிர் தாங்கவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

குழு நாற்பது பக்கத்தில் அறிக்கை கொடுத்தது. உருகியதற்குக் கிடங்குதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை, மேற்பகுதித் துண்டுகள் மேலும் ஆய்வுக்கு உரியவை, கிடங்குக்குப் புதிய மீட்டர் வாங்கலாம். மன்சூரின் பெயர் அறிக்கையில் எங்கும் இல்லை. குற்றவாளியாக இருந்தவரைக்கும்தான் அவருக்குப் பெயர் இருந்தது.

அதை வைத்து மோகன்குமார் இன்னொரு கடிதம் தயாரித்தார். 'இம்முறை தாங்கள் எச்சரிக்கப்பட்டு மன்னிக்கப்படுகிறீர்கள்.' நகலில் கையெழுத்துப் போடச் சொன்னார். மன்சூர் போடவில்லை.

"என்னாத்துக்கு சார் மன்னிப்பு?"

"அது ஃபார்மட் பாய். எல்லாருக்கும் அப்படித்தான் அடிப்போம்."

"நான் ஒண்ணும் பண்ணலைன்னா மன்னிக்கறதுக்கு என்னா இருக்குது? தப்பு இல்லைன்னு அடிச்சிக் குடுங்க."

"அந்த மாதிரி ஃபார்மட்டே கெடையாது பாய்."

கடிதம் மூன்று முறை போய்த் திரும்பியது. முதல் தடவை 'மன்னிக்கப்படுகிறீர்கள்' போனது, 'எச்சரிக்கப்படுகிறீர்கள்' இருந்தது. இரண்டாம் தடவை 'அறிவுறுத்தப்படுகிறீர்கள்' ஆனது. மன்சூர் ஒவ்வொரு தடவையும் படித்துவிட்டு, கோபப்படாமல், மேசைமேல் திருப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். கடைசியில் தமிழரசன் கிடங்கு முதலாளிக்கே ஒரு வரி எழுதினார் என்று பேச்சு. நான்காவது கடிதத்தில் 'மன்சூர் மீது தவறு ஏதும் இல்லை' என்று இருந்தது. முப்பது வருடத்தில் அந்தக் கிடங்கு அச்சடித்த கடிதங்களிலேயே சின்னது அதுதான். காத்தூன் அதை வாங்கிப் படித்துவிட்டு, ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள்.

பேராசிரியரும் நஷ்டப்படவில்லை. யாரும் உருகாது என்று நம்பிய உயரத்தில் பனி உருகுவதைத் தாமே கண்டுபிடித்ததாகக் கட்டுரை எழுதி, இப்போது ஊர் ஊராகப் போய்ப் பேசிவருகிறார். உருகாது என்று எழுதிக் கொடுத்தவர் யார் என்பதை அவர் சொல்வதில்லை. கட்டுரையின் கடைசியில், சேமிப்பில் உதவிய சூளகிரி கிடங்கு நிர்வாகத்துக்கு நன்றி. மோகன்குமார் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கண்ணாடி அறையில் மாட்டியிருக்கிறார்.

இந்த மார்ச்சில் ஜெயப்ரியா ஃபோன் செய்தாள். வேலை புதுப்பிக்கப்படவில்லையாம். வேறொரு நிலையத்தில் சேர்ந்துவிட்டாள். செப்டம்பரில் மறுபடி மலை ஏறுகிறார்கள்.

"அதே எடந்தானாம்மா?"

"இல்லண்ணா. அங்க இனிமே தொளைக்க முடியாது. எங்களுக்கு அப்புறம் போன ஆளுங்க ரெண்டு மீட்டர் தோண்டுனதுமே தண்ணி வந்துடுச்சாம்."

சேம்பர் தரையில் தண்ணீரைப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று மன்சூருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே ஓடிப்போய்ப் போடுவதற்கு டீசல் இன்ஜினும் கிடையாது.

"கீழ இருக்கறதாவது நிக்குமா?"

"தெரியலண்ணா. அதுக்குள்ள வேற மலையில எடுத்து வெச்சிடணும்னுதான் ஓடறோம்."

"சரி. எடுத்துட்டு வாங்க. ரோட்டுல நிக்காதீங்க, நேரா உள்ள வந்துடுங்க. வர்றதுக்கு ஒரு நாள் முந்தி மட்டும் சொல்லுங்க, சேம்பரை இருபத்தஞ்சுக்கு எறக்கி வெக்கறன்."

ஃபோனை வைத்துவிட்டுத் திம்மராயனைக் கூப்பிட்டார். மூன்றாம் நம்பர் சேம்பரில், குளிர் நேராக விழுகிற பின்சுவர் ஓரம், மாம்பழத் துண்டு பதினான்கு அடுக்கு நின்றது. அதை ஒன்றாம் நம்பருக்கு மாற்றச் சொன்னார். செப்டம்பருக்கு இன்னும் ஆறு மாதம் கிடக்கிறதே என்றான் திம்மராயன்.

"இருக்கட்டும். நீ நகத்து" என்றார் மன்சூர்.